இடது கன்னம்

ஈப்போவிலிருந்து லகாட்டுக்குப் போகிற சாலையில் இருந்த ஒரு தொழிற்சாலையின் கேண்டீனில் நான் சமையல் உதவிக்கு இருந்தேன். ஒரு காலை, பசியாற வருகிறவர்களுக்காக வடை சுட்டுக்கொண்டிருந்தபோது அடுப்பின் கால் ஒன்று மடங்கி, எண்ணெய்ச் சட்டி என் பக்கமாகச் சரிந்தது. இடது கன்னம், கழுத்து, தோள் என்று எண்ணெய் வழிந்து இறங்கியது. கூட வேலை செய்த அக்கா பதறிப்போய்க் கையில் அகப்பட்ட சோயா சாற்றுப் பாட்டிலை அதன்மேல் கவிழ்த்துவிட்டார். தீக்காயத்துக்கு அதுதான் மருந்து என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுத்த தாதி, மிஸ்ஸி என்றுதான் அவர்களைக் கூப்பிடுவோம், "யாரு இத ஊத்தினது? மீன் பொரிக்கிறாங்களா?" என்று கேட்டார். பக்கத்தில் நின்ற இன்னொரு மிஸ்ஸி சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. உதடு இழுத்த வலியில் அது பாதியிலேயே நின்றுவிட்டது.

வீட்டுக்கு அனுப்பியபோது அம்மாவிடம் போனேன். கோலா கங்சார் பக்கம், எப்போதோ விற்கப்பட்டுவிட்ட ஒரு தோட்டத்தில் மிச்சமிருந்த ஒரே வரிசை லய வீடுகளில் ஒன்றில் அம்மா இருந்தார். சுற்றிலும் எண்ணெய் எடுக்கும் செம்பனை. கோயிலுக்குப் பின்னால் மட்டும் வெட்டப்படாத கித்தா என்னும் ரப்பர் மரங்கள் சில நின்றன. கிளம்பும் முன்பே, அங்கிருந்து தினமும் ஈப்போவுக்கு வந்து கட்டு மாற்ற முடியாது என்றேன். மிஸ்ஸி தன் கைபேசி எண்ணைக் கொடுத்தார்.

"கட்டு பிரிக்கிறப்ப படம் எடுத்து அனுப்புங்க. கிட்ட வச்சு எடுங்க, தெளிவா இருக்கணும். சீழ் இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியணும்லா."

வீட்டில் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை அம்மா ஏற்கெனவே எடுத்து எங்கோ வைத்துவிட்டிருந்தார். கேட்டதற்கு, "பாத்து என்ன ஆவப்போவுது?" என்றார். அதனால் என் முகத்தை முழுதாகப் பார்ப்பதற்கு முன்பே நான் அதை அங்குலம் அங்குலமாகக் கைபேசியில் பார்த்துவிட்டேன்.

முதலில் அனுப்பிய படங்களை மிஸ்ஸி ஒத்துக்கொள்ளவில்லை. மங்கலாக இருக்கிறது, நிழல் விழுகிறது, மறுபடி எடுங்கள் என்று பதில் வந்துகொண்டே இருந்தது. நான் கற்றுக்கொண்டேன். காலை வெயில் நேராக விழாத சன்னலோரம் நல்லது. எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் தலையணை உறையைத் தொங்கவிட்டால் நிழல் கரைந்துவிடும். முழங்கையைச் சன்னல் கட்டையில் ஊன்றி மூச்சை அடக்க வேண்டும். கிட்டப் போகப் போகத் தெளிவு என்பது ஒரு மயிரிழை அளவு இடத்தில்தான் நிற்கும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எல்லாம் புகை. அந்த மயிரிழையை எங்கே வைப்பது என்பதை நான் தீர்மானிக்கலாம். சீழின் விளிம்பில் வைக்கலாம். புதுத்தோல் ஊர்ந்து வருகிற இளஞ்சிவப்புக் கோட்டில் வைக்கலாம்.

மிஸ்ஸிக்கு ஒரு படம் போதும். நான் அனுப்பாத படங்களும் எடுக்க ஆரம்பித்தேன். வலிக்கிற இடம் என் உடம்பில் இருந்தது, படத்தில் இருந்தது வேறு ஏதோ இடம். மழைக்குப் பிறகு செம்மண் சரிந்த, ஈயம் தோண்டிய லம்பக் குழி, அதன் அடியில் தேங்கிய தண்ணீர், அதில் விழுந்த வானம். அப்படித்தான் தெரிந்தது. கட்டைப் பிரித்தபின் மறுபடி கட்டாமல் நான் படம் பார்த்துக்கொண்டிருப்பதை அம்மா ஒரு நாள் வாசலில் நின்று கவனித்தார்.

"புண்ணப் போயி இப்படி ஆசையா எடுக்கிறவ நீ ஒருத்திதான். உன்னை ரம்புத்தானுக்குத்தான் அனுப்பணும்."

தஞ்சோங் ரம்புத்தானில் மனநல ஆஸ்பத்திரி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவரைப் பைத்தியம் என்று சொல்ல அந்த ஊரின் பாதிப் பெயரே போதும்.

புண் ஆறியது. தோல் ஆறிய விதம்தான் யாருக்கும் பிடிக்கவில்லை. கன்னத்திலிருந்து கழுத்து வரை கயிறு கயிறாகத் தடித்து, பளபளப்பாக, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நின்றது. கேண்டீனில் என்னைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பிட வருகிறவர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று முதலாளி தொலைபேசியில் சொன்னார். ஒளிக்காமல் சொன்னார் என்பதற்காக அவர்மேல் எனக்கு அவ்வளவாகக் கோபம் இல்லை.

அடுத்த ஆண்டு தம்பிக்குக் கல்யாணம். ஈப்போவில் ஒரு மண்டபம். குடும்பப் படம் எடுக்கக் கூப்பிட்டபோது அம்மா என் முதுகில் கைவைத்து வரிசையின் ஓரத்துக்குத் தள்ளி, என் இடது பக்கம் ஒரு பெரியப்பாவின் தோளுக்குப் பின்னால் மறையும்படி நிறுத்தினார். படம் எடுத்தவன் என்னைப் பார்த்து, "அக்கா, கொஞ்சம் முன்னால வாங்க, மறைக்குது" என்றான். அம்மா, "பரவால்ல, நீ எடு தம்பி" என்றார். அவன் விடவில்லை. நான் முன்னால் வந்தேன்.

ஆல்பம் வந்தபோது எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தோம். குடும்பப் படத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். என் இடது கன்னம் வழவழப்பாக இருந்தது. கழுத்து வழவழப்பாக இருந்தது. ஏதோ சரியில்லை என்று தோன்றி, பக்கத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். என் வலது கன்னத்தில் உதட்டோரம் ஒரு மச்சம் உண்டு. படத்தில் இரண்டு மச்சங்கள் இருந்தன, இரண்டு பக்கமும். என் வலது முகத்தை எடுத்துத் திருப்பி இடது பக்கம் ஒட்டியிருந்தார்கள்.

"நான்தான் சொன்னேன்" என்றான் தம்பி. "உனக்காகத்தான்லா. காலத்துக்கும் இருக்கப்போற ஆல்பம்."

"எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருங்க" என்றாள் தம்பி பெண்டாட்டி.

அம்மா அந்தப் படத்திலிருந்து என்னை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர்களிடம், "என் மக" என்று காட்டுவார். அப்போது நான் அடுப்படியில் இருப்பேன். யாராவது வந்தால் அடுப்படியில் இருப்பது என்று பேசி வைத்துக்கொள்ளாமலே வழக்கமாகிவிட்டது.

அதே படத்தைத்தான் அம்மா கோயிலுக்கு வருகிற ஒரு தரகர் அம்மாளிடம் கொடுத்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலா கங்சாரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாகக் காலையில்தான் சொன்னார். மாப்பிள்ளை பெண்டாட்டியை இழந்தவர், லாரி ஓட்டுகிறார். அம்மா என் முடியை அவிழ்த்து இடது பக்கமாக வழியவிட்டார். முந்தானையை இழுத்துக் கழுத்தைச் சுற்றிப் போர்த்தினார்.

"அவங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஆள் நேர்ல பாத்தா மனசு எறங்கும். நீ பேசாம வா."

தேநீர்த் தட்டோடு கூடத்துக்குப் போனேன். அந்த மனிதரும் அவருடைய அக்காவும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அம்மாவிடம் மரியாதையாகவே சொன்னார்:

"ஃபோட்டோவுல இருக்கிற பொண்ண வரச் சொல்லுங்க."

சுவரில் இருந்த என்னையும் தட்டோடு நின்ற என்னையும் அந்த மனிதர் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். அவருக்குத்தான் முதலில் புரிந்தது என்று நினைக்கிறேன்.

"இதுதான்... கொஞ்சம் எண்ணெ பட்டுருச்சு" என்றார் அம்மா.

அந்த அம்மாள் கோப்பையைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். தேநீர் கொஞ்சம் சிந்தியது. "ஏன்மா இப்படி ஏமாத்துறீங்க? சொல்லியிருந்தா பெட்ரோலாவது மிச்சம்" என்றார். அவர்கள் வந்த காடி லயத்தைத் தாண்டிச் சாலைக்கு ஏறும்வரை நான் தட்டைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

அம்மா அழுவார் என்று நினைத்தேன். அவர் கோப்பைகளை எடுத்துக் கழுவிக்கொண்டே, "நீ கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பி நின்னிருக்கலாம்" என்றார்.

மறுநாள் நான் பேருந்து ஏறி ஈப்போவுக்குப் போய் அந்த ஆல்பத்தைச் செய்த ஸ்டூடியோவைக் கண்டுபிடித்தேன். சண்டை போடத்தான் போனேன். கல்யாணத்தில் படம் எடுத்தவனே கடையை நடத்தினான், என் தம்பியைவிடச் சின்னவன். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டான்.

"என் முகத்த எப்படி எடுத்த? அதக் காட்டு" என்றேன்.

அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். "ரெண்டு நிமிஷ வேலதான்லா அக்கா" என்று கணினி முன்னால் உட்கார்ந்து, பழைய கோப்பைத் திறந்தான். முதலில் திருத்தாத படம் வந்தது. அவன் என் கன்னத்தைப் பெரிதாக்கினான். இன்னும் பெரிதாக்கினான். திரை முழுவதும் என் தழும்பு நின்றது. பிறகு வலது பாதியைச் சுற்றிக் கோடு போட்டான், திருப்பினான், இழுத்துக்கொண்டு வந்து மேலே பொருத்தினான், ஓரங்களைத் தேய்த்தான். என் கண்முன்னே என்னை இன்னொரு தடவை அழித்தான்.

"மச்சத்த எடுக்க மறந்துட்ட" என்றேன்.

அவன் குனிந்து பார்த்தான். "ஐயோ, ஆமாக்கா. ஒருத்தரும் சொல்லல. உங்களுக்கு நல்ல கண்ணு."

சண்டை போட வந்தவள் அரை மணி நேரத்தில் வேலையோடு திரும்பினேன். கல்யாணப் பருவம், படம் திருத்த ஆள் இல்லை என்றான். பின்னறையில் உட்கார்ந்து செய்கிற வேலை. "கஸ்டமர் யாரும் உள்ள வரமாட்டாங்க, உங்களுக்கும் வசதி" என்றான். யாருக்கு வசதி என்று நான் கேட்கவில்லை. ஈப்போவில் ஓர் அறை வாடகைக்கு எடுத்து, அம்மாவை விட்டு வந்துவிட்டேன்.

வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டேன். பருவை எடுப்பது, கருவளையத்தை எடுப்பது, தொப்பையை உள்ளே தள்ளுவது. எல்லாவற்றையும்விட அதிகமாகக் கேட்கப்பட்டது வெள்ளையாக்குவது. பெண்ணின் அம்மாக்கள் முன்னறையில் நின்று, "இன்னும் கொஞ்சம் கலர் ஏத்தச் சொல்லுங்க" என்பது பின்னறைக்குக் கேட்கும். நான் ஏற்றுவேன். "இன்னும் கொஞ்சம்." ஏற்றுவேன். அப்பனுடைய நிறத்தில் ஒரு பெண் நின்றிருப்பாள். ஆல்பத்தில் அவள் அப்பனுக்குப் பக்கத்தில் யாரோ மாதிரி நிற்பாள். அந்த வேலையில் ஈப்போவிலேயே நான் கெட்டிக்காரி என்று கடைக்காரன் மற்றவர்களிடம் சொன்னான். அது பொய்யில்லை. எதை அழித்தால் ஒரு முகம் செத்துப்போகும் என்று எனக்கு அதற்குள் நன்றாகத் தெரிந்திருந்தது. அது தெரிந்துதான் அழித்தேன்.

கடை இழுப்பறையில் கிட்டத்தில் வைத்து எடுப்பதற்கான லென்ஸ் ஒன்று பூஞ்சை பிடித்துக் கிடந்தது. "அது வேலைக்கு ஆவாது, வேணும்னா எடுத்துக்கிங்க" என்றான். பழைய கேமரா ஒன்றையும் இரவல் தந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போனபோது அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் பின்னால் போனேன்.

அந்தக் கித்தா மரங்களைப் பிறந்ததிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் ஒரு மரத்தின் பட்டையை மூக்கு படுகிற தூரத்தில் பார்த்ததில்லை. பால் எடுக்கச் சீவும் உளி அளவுக்கு மேல் இறங்கிவிட்டால் மரத்தின் கட்டையில் காயம் படும். பிறகு அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது. முடிச்சு முடிச்சாக, தடித்து, ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வளரும். அவசரத்தில் சீவியவர்கள், குடித்துவிட்டுச் சீவியவர்கள், கங்காணி மேல் உள்ள கோபத்தில் சீவியவர்கள் எல்லாருடைய வெட்டும் அங்கே ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. கொசுக்கடியைப் பொறுத்துக்கொண்டு வெயில் சாயும்வரை எடுத்தேன். லென்ஸின் பூஞ்சை வெளிச்சத்தைக் கொஞ்சம் பாலாக்கியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் பின்னறையில் அந்தப் படங்களைத் திறந்தேன். கைபேசியிலிருந்த பழைய புண் படங்களையும் திறந்து பக்கத்தில் வைத்தேன். பிறகு, எப்படித் தோன்றியது என்று சொல்லத் தெரியவில்லை, ஒன்றைக் கண்ணாடித்தாள் போல மெல்லியதாக்கி மற்றதன்மேல் போட்டேன். நிறத்தைப் பழுப்புக்கு இறக்கினேன். கழுத்தின் கயிறுகள் பட்டையின் வரிகளுக்குள் இறங்கின. சில இடத்தில் பட்டை, சில இடத்தில் நான். அதே கருவிகள்தான். பெண்களை வெளுக்கவும் மச்சங்களை மறைக்கவும் தினமும் பிடித்த அதே தூரிகை. முதல் தடவையாக அதைக் கொண்டு எதையும் மறைக்காமல் ஒன்றைச் செய்தேன். சந்தோஷமாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பசி மாதிரி இருந்தது. அன்றைக்கு முடிக்க வேண்டிய கல்யாணப் படங்களை முடிக்கவில்லை.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. சந்தையில் செதில் உரித்த மீன், பல்லியைத் தூக்கிப்போகும் எறும்புகள், செம்பனைக் குலையின் முள்ளில் சிக்கிக் காய்ந்த தவளை, சுண்ணாம்பு மலையின் சுவரில் தண்ணீர் அரித்த பள்ளம். எடுப்பேன், கிட்டப் போவேன், கணினியில் அடுக்குவேன், நிறத்தைத் திருகுவேன்.

"ஏன்க்கா எல்லாம் அசிங்கமாவே எடுக்கிறீங்க?" என்றான் கடைக்காரன். ஆனாலும் பட்டையும் கழுத்தும் கலந்த படத்தை மட்டும் அவனால் விட்டுப் போக முடியவில்லை. அதை எப்படிச் செய்தேன் என்று அவன் கேட்கவில்லை, மரம் என்றே நினைத்துக்கொண்டான். ஈப்போவில் படம் எடுப்பவர்களின் சங்கம் ஒன்று போட்டி வைத்தபோது, அவனே அதை அச்சிட்டு இயற்கைப் பிரிவில் சேர்த்துவிட்டான். பரிசு கிடைத்தது.

மண்டபத்தில் படத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார்கள். வந்தவர்கள் முதலில் படத்தைப் பார்த்துக் கிட்ட வருவார்கள், பிறகு என்னைப் பார்த்து ஓரடி பின்னால் போவார்கள். நல்ல சேலை கட்டியிருந்த ஓர் அம்மாள் மட்டும் கையில் கறிபாப் பலகாரத்தோடு ரொம்ப நேரம் படத்தின் முன்னால் நின்றார்.

"எவ்வளவு அழகா இருக்கு. தொட்டுப் பாக்கணும்போல இருக்கு. என்ன மரம்மா இது?"

"பாதி கித்தா மரம்" என்றேன். "பாதி என் கழுத்து."

முடியை ஒதுக்கிக் காட்டினேன். அவர் பார்த்தார். கடித்த கறிபாப்பை வாயிலிருந்து காகிதத்தில் எடுத்து மடித்துக்கொண்டு, கழிப்பறைப் பக்கம் நடந்தார். அவர் தொட்டுப் பார்த்திருந்தால் நான் விட்டிருப்பேன்.

செய்தி நடுவர்களுக்குப் போனது. சங்கத்துக்காரர் ஒருவர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, மிகவும் தயங்கி, "மனுஷ உடம்பு இயற்கைப் பிரிவுல வராதும்மா. விதி அப்படி" என்றார். பரிசை இரண்டாவதாக வந்த பறவைக்குக் கொடுத்தார்கள். அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னபோது, "பேசாம மரம்னே சொல்லிட்டு வந்திருக்கலாம்ல" என்றார்.

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணியது. தம்பியின் தாமான் குடியிருப்பு வீட்டில் கொஞ்ச காலம் இருந்தார். தம்பி பெண்டாட்டிக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. "மாசமா இருக்கிறவ தெனம் பாக்கிற மூஞ்சிதான் புள்ளைக்கு வரும்னு சொல்றாங்க" என்று தம்பி, அம்மா உட்கார்ந்திருந்த அதே அறையில் வைத்து என்னிடம் சொன்னான். நான் அம்மாவைக் காடியில் ஏற்றி என் அறைக்குக் கூட்டிவந்தேன்.

அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டுவேன். கோணிய பக்கம் வழியும், துடைப்பேன். ஒரு காலை சன்னல் வெளிச்சம் அந்த வாயோரத்தில் விழுந்தபோது கேமராவை எடுத்துவந்தேன். அம்மா முகத்தைத் திருப்பினார். நான் எழுந்து அந்தப் பக்கமாகப் போனேன். அவரால் அதற்குமேல் திரும்ப முடியாது. உதடு தொங்கிய இடத்தில் தோல் மடிந்து மடிந்து, ஒரு சொட்டுக் கஞ்சியைப் பிடித்து வைத்திருந்தது. மூச்சை அடக்கி எடுத்தேன்.

"காட்டு" என்றார் அம்மா. சொல் குழறினாலும் எனக்குப் புரியும்.

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"நேராக்கிக் குடு."

"மாட்டேன்மா."

"அப்ப யாருக்கும் காட்டாத."

சரி என்றேன். அடுத்த போட்டிக்கு அதைத்தான் அனுப்பினேன், இந்தத் தடவை சரியான பிரிவில். பரிசு ஒன்றும் கிடைக்கவில்லை. கண்காட்சியில் மாட்டியிருந்த அதை யாரோ படம் எடுத்து, அது தம்பியின் கைபேசிக்குப் போயிருக்கிறது. அவன் கூப்பிட்டான்.

"அம்மா வாயப் போயி ஏன் போட்ட? எல்லாரும் பாக்கிறாங்க."

"அது அம்மா வாயின்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவன் அம்மாவை வந்து பார்த்து ஒரு தீபாவளி போய்விட்டது. குழந்தை பிறந்து, முகம் நேராகத்தான் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். "அழிச்சிரு" என்றான். நான் கைபேசியை அம்மாவின் காதில் வைத்தேன், நீயே அம்மாகிட்டச் சொல் என்று அவனிடம் சொல்லிவிட்டு. அவன் பேசுவதற்குள் அம்மா இடது கையால் அதை மெதுவாகத் தள்ளிவிட்டு, கஞ்சி ஆறிவிட்டது என்று சைகை காட்டினார்.